தேர்த்துகளும் அதன் 22 இலக்க எண்ணும்: காரணிகள் சொல்லும் சாட்சியம்

தமிழ்க் கணக்கு மரபில் பெயர் பெற்ற பின்னங்களிலேயே மிகச் சிறியது தேர்த்துகள். ஒன்றை 2323824530227200000000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு தேர்த்துகள் எனப்படும். 22 இலக்கங்கள் கொண்ட இந்த முழு எண் கோடி கோடி கோடியைப் போல இரண்டேகால் மடங்குக்கும் சற்று மேல். இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நிலவுகிறது. நம் முன்னோர் அணுவையும் அளந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்பார் ஒரு சாரார். வெறும் கற்பனை, கணக்குக்கு உதவாத பெயர் அடுக்கு என்று தள்ளிவிடுவார் மறு சாரார். இரு சாராரும் எண்ணின் பருமனைப் பார்க்கிறார்களே தவிர, எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெரிய முழு எண் ஒன்றின் வரலாறும், அது பிழையின்றி நம்மிடம் வந்து சேர்ந்ததா என்பதும் அதன் பகாக் காரணிகளில் பதிந்திருக்கும். தேர்த்துகளின் எண்ணைக் காரணிகளாகப் பிரித்தால், அது எப்படி உருவானது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எதற்கு அது சான்று ஆகாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது. அந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழர் கணக்கின் அடித்தளம்

தொடங்க வேண்டிய இடம் அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய தலைநகரம் அது. அங்குள்ள பெரிய கோயிலில் வீரராசேந்திரன் (ஆட்சி 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தையும் அவை தர வேண்டிய நெல்லையும் கணக்கிட்டுப் பதிவு செய்கிறது. தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம் போன்ற சோழர் மையங்களிலிருந்து நடந்த நில நிர்வாகத்துக்குப் பின்னால் இருந்தது உறுதியான ஒரு பின்ன முறை. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் கணக்கர் புதிய பெயர் தேடவில்லை. 'கீழ்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்து, அதே கால், அரை, மா, காணி, முந்திரி வரிசையை 320-இல் ஒரு பங்கு அளவில் மறுபடியும் தொடங்கினார்கள். கீழ்முந்திரி என்பது 320-இல் ஒன்றின் 320-இல் ஒன்று, அதாவது 1/102400. அதற்கும் கீழே இன்னொரு 'கீழ்' வரும். பத்தை அடியாகக் கொண்டு தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இடம் வேண்டுமானாலும் நாம் போவதைப் போலவே, அவர்கள் 320-ஐ அடியாகக் கொண்டு எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் இறங்க முடிந்தது.

ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர்கள், நில அளவில் 1/52428800000 வேலி வரையிலான பின்னம் வருவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இந்த 11 இலக்க எண்ணைக் காரணிப்படுத்தினால் 2²⁴ × 5⁵ கிடைக்கும். அதாவது 320-ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஒரு 5-ஆல் பெருக்கியது. நான்கு 'கீழ்', அதற்கும் கீழே நாலு மா (ஐந்தில் ஒரு பங்கு) என்று படித்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. இந்த எண்ணில் 2, 5 என்னும் இரண்டு பகா எண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. காரணம் எளிது. 320 என்பது 2⁶ × 5. அதை எத்தனை முறை அடுக்கினாலும் 2, 5 மட்டுமே வரும். இந்த எண் மேலும் ஒன்றைச் சொல்கிறது. காவிரிப் படுகையில் பிற்காலத்தில் வழங்கிய கணக்கின்படி ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அந்த வேலியை 52428800000 பங்காக்கினால் ஒரு பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். சோழர் காலத்துக் கோலின் நீளம் இடத்துக்கு இடம் மாறியது என்றாலும், எந்தக் கோலைக் கொண்டும் வயலில் அரைச் சதுர மில்லிமீட்டரை யாரும் அளந்திருக்க முடியாது. கோலால் அளந்தது நீளமும் அகலமும். இந்தப் பின்னம் பிறந்தது அவற்றைப் பெருக்கி, தரத்துக்கும் வரிக்கும் ஏற்பச் சுருக்கி, மீதி விடாமல் எழுதிய ஏட்டுக் கணக்கில். மிகச் சிறிய பின்னம் ஒன்று ஏட்டில் இருந்தால் அது நுட்பமான கணக்குக்குச் சான்று. அதே அளவு நுட்பமான கருவிக்குச் சான்று அல்ல. இந்த வேறுபாடு தேர்த்துகளுக்கும் பொருந்தும்.

பதினான்கு படிகள்

காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களும் அவற்றை ஒட்டிய வாய்பாட்டு மரபும் பேணிய பின்ன வரிசை, கீழ்முந்திரிக்குப் பிறகு வேறு பாதையில் செல்கிறது. கீழ்முந்திரியை 21 பங்காக்கினால் இம்மி. இம்மியை 11 ஆக்கினால் மும்மி. மும்மியை 7 ஆக்கினால் அணு. அணுவை 9 ஆக்கினால் குணம். அதன்பின் 5-இல் பந்தம், 6-இல் பாகம், 7-இல் விந்தம், 17-இல் நாகவிந்தம், 14-இல் சிந்தை, 20-இல் கதிர்முனை, 40-இல் குரல்வளைப்படி, 60-இல் வெள்ளம், 100-இல் நுண்மணல். கடைசியாக நுண்மணலை ஆறரைப் பங்காக்கினால் தேர்த்துகள். 320 என்ற ஒரே அடி திரும்பத் திரும்ப வந்த இடத்தில், இப்போது படிக்கு ஒரு அடி வருகிறது. 102400-ஐ இந்தப் பதினான்கு எண்களாலும் வரிசையாகப் பெருக்கினால் இம்மிக்கு 2150400, மும்மிக்கு 23654400, அணுவுக்கு 165580800 என்று வளர்ந்து, முடிவில் தேர்த்துகளின் 2323824530227200000000 ஒரு இலக்கமும் பிசகாமல் வந்து நிற்கிறது.

அந்த எண்ணின் பகாக் காரணிகள் இவை: 2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17. 22 இலக்க எண்ணில் 17-க்கு மேற்பட்ட பகா எண் ஒன்றுகூட இல்லை. அதே சமயம் 2 முதல் 17 வரையுள்ள பகா எண்களில் ஒன்றுகூட விடுபடவும் இல்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். 11 மும்மியிலிருந்து, 17 நாகவிந்தத்திலிருந்து, 13 கடைசி ஆறரையிலிருந்து (ஆறரை என்பது 13-இல் பாதி). 7 நான்கு முறை வருவதற்கு இம்மியின் 21, அணுவின் 7, விந்தத்தின் 7, சிந்தையின் 14 ஆகிய நான்கும் பொறுப்பு. கணினி இல்லாமலும் இதில் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்க்கலாம். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஓர் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால் விடை 0 ஆகுமானால் அந்த எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். தேர்த்துகளின் எண் 000, 000, 200, 227, 530, 824, 323, 2 என்று பிரிகிறது. 200-இலிருந்து 227-ஐக் கழித்து, 530-ஐக் கூட்டி, 824-ஐக் கழித்து, 323-ஐக் கூட்டி, 2-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0. முதல் 14 இலக்கங்களின் கூட்டுத்தொகை 45; ஆகவே 9-ஆலும் வகுபடும்.

இந்த எண் தற்செயலாக எழுதப்பட்டதாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். பெரிய தொகை வேண்டும் என்ற ஆசையில் யாரோ இலக்கங்களை நிரப்பியிருக்கக் கூடாதா? கூடாது என்று கணிதம் உறுதியாகவே சொல்கிறது. ஒன்றிலிருந்து இந்த எண் வரையுள்ள முழு எண்கள் அனைத்திலும், 17-க்கு மேற்பட்ட பகாக் காரணி இல்லாதவை ஒரு கோடிகூட இல்லை. இரண்டு கோடி கோடி எண்களை எடுத்தால் அதில் ஒன்றுகூடத் தேறாது என்ற விகிதம் அது. சாதாரணமாக 22 இலக்க எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது பல இலக்கங்கள் கொண்டதாக இருப்பதே இயல்பு. அந்த இயல்பின் மேல்தான் இன்றைய மறைக்குறியீட்டு முறைகள் சில நிற்கின்றன. பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்கியவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பெருக்கலைப் பிரிப்பது அரிது. தேர்த்துகளின் எண் அதற்கு நேர் எதிர். சிறு எண்களைக் கையால் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கிச் சென்றவர்களின் வேலை அது என்பதற்கு அதன் காரணிகளே கையொப்பம்.

நான்கு வரிப் பிழை

இந்தக் கையொப்பத்தின் பயன் வெறும் வியப்போடு நின்றுவிடுவதில்லை. இன்று பரவலாக எடுத்தெழுதப்படும் பின்னப் பட்டியலில், சிந்தைக்கு 74481555456000 என்று சரியாக வந்த எண், அடுத்த வரியில் கதிர்முனைக்கு 489631109120000 என்று இருக்கிறது. குரல்வளைப்படிக்கு 9585244364800000, வெள்ளத்துக்கு 575114661888000000, நுண்மணலுக்கு 57511466188800000000. தேர்த்துகளுக்கு வரும்போது மீண்டும் 2323824530227200000000. பார்வைக்கு எல்லாமே பெரிய எண்கள். வரிசையில் ஒன்றைவிட ஒன்று பெரிது. யாருக்கும் ஐயம் வராது. ஆனால் குணம் தொடங்கி ஒவ்வொரு எண்ணும் 9-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ஒரு முறை பெருக்கலுக்குள் புகுந்த காரணி அடுத்தடுத்த படிகளில் மறைவதில்லை. கடைசி ஆறரைகூட ஒரு 2-ஐ மட்டுமே நீக்கும். 9-இன் மடங்கு எதற்கும் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 9-இன் மடங்காகவே இருக்கும். பட்டியலில் உள்ள கதிர்முனையின் கூட்டுத்தொகை 44, குரல்வளைப்படிக்கு 58, வெள்ளத்துக்கும் நுண்மணலுக்கும் 60. நான்குமே தவறின.

பிழை இருப்பதைக் காட்டும் அதே சோதனை, பிழையைத் திருத்தும் வழியையும் காட்டுகிறது. 44-க்கு 1 சேர்த்தால் 45. 58-க்கு 5 சேர்த்தால் 63. 60-க்கு 3 சேர்த்தால் 63. ஒவ்வொரு எண்ணிலும் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது என்று கொண்டால், விடுபட்டவை முறையே 1, 5, 3, 3. இப்போது சிந்தையின் எண்ணை 20-ஆல் பெருக்கிப் பார்ப்போம்: 1489631109120000. பட்டியலில் உள்ளதன் முன்னால் ஒரு 1 மட்டும் கூடுதல். அதை 40-ஆல் பெருக்கினால் 59585244364800000. முன்னால் 5 கூடுதல். அதை 60-ஆல் பெருக்கினால் 3575114661888000000, முன்னால் 3. அதை 100-ஆல் பெருக்கினால் 357511466188800000000, மறுபடி 3. கூட்டுத்தொகை முன்கூட்டிச் சொன்ன நான்கு இலக்கங்களும் அப்படியே வருகின்றன. நான்கு வரிகளிலும் முதல் இலக்கம் உதிர்ந்துபோயிருக்கிறது. இப்படித் திருத்திய நுண்மணலை ஆறரையால் பெருக்கினால்தான் தேர்த்துகளின் எண் கிடைக்கும். பட்டியலில் உள்ள நுண்மணலை ஆறரையால் பெருக்கினால் கிடைக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நடுவில் உள்ள நான்கும் சரியாக இருந்து, கடைசி எண் தவறாக இருக்கக் கூடாதா? பெரும்பான்மையை நம்புவதுதானே முறை? அதோடு, பட்டியலில் உள்ள குரல்வளைப்படியை 60-ஆல் பெருக்கினால் அதே பட்டியலின் வெள்ளம் சரியாகவே வருகிறது. வெள்ளத்தை 100-ஆல் பெருக்கினால் நுண்மணலும் சரியாக வருகிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இந்த இரண்டு படிகளிலும் பிழையே இல்லை என்றுதான் முடிவு செய்வார். இந்த மறுப்பு வலுவானது. ஆனால் காரணிகளின் முன் நிற்காது. சிந்தையின் எண்ணில் 7-உம் 11-உம் 17-உம் இருக்கின்றன. அதற்குப் பின் வரும் எல்லா எண்களிலும் அவை இருக்க வேண்டும். முதல் இலக்கம் ஒன்று உதிர்வது என்றால், எண்ணிலிருந்து ஒற்றை இலக்கம் ஒன்றைப் பத்தின் அடுக்கால் பெருக்கிக் கழிப்பது என்று பொருள். அப்படிக் கழிக்கும் தொகையில் 11-உம் 17-உம் ஒருபோதும் இராது. உதிர்ந்த இலக்கம் 7 ஆக இருந்தாலன்றி 7-உம் இராது. ஆகவே முதல் இலக்கம் போன எண் இந்த மூன்று காரணிகளையும் ஒரே வீச்சில் இழக்கும். பட்டியலின் கதிர்முனையிலிருந்து 2, 5 ஆகிய காரணிகளை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சும் 23907769 என்ற எண்ணை 3, 7, 11, 13, 17 எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. குரல்வளைப்படியில் நேர்ந்த பிழையோடு பெருக்கலைத் தொடர்ந்தால் அடுத்த இரண்டு வரிகளும் அதே பிழையைச் சுமந்து ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஒத்துப்போவது உண்மைக்கு அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நான்குக்கு எதிராக ஒன்று நிற்கும் இந்த வழக்கில், அந்த ஒன்றே சரி.

இந்தப் பாதுகாப்பைத் தமிழ்க் கணக்கர் திட்டமிட்டு வைத்தார்கள் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. ஆனால் இன்று உலகம் திட்டமிட்டே செய்யும் வேலை இதுதான். பழைய பத்து இலக்க நூல் எண்ணின் கடைசி இலக்கம், மற்ற ஒன்பதையும் 11-ஐக் கொண்டு சோதிப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசியானதும் அத்தகைய காவல் இலக்கமே. ஓர் இலக்கம் மாறினாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அங்கே கூடுதலாகச் சேர்க்கப்பட்ட உறவு, நம் பின்ன வரிசையில் பெருக்கலின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் பட்டியலை மட்டும் படியெடுத்துக்கொண்டே போனதுதான் பிழை நிலைத்ததற்குக் காரணம்.

வகுப்பதற்காகவா இந்த அமைப்பு?

அடுத்த கேள்வி, 2-உம் 5-உம் போதும் என்றிருந்த கணக்கில் 3, 7, 11, 13, 17 ஏன் நுழைந்தன என்பது. நல்ல விடை ஒன்று உண்டு. 320-ஐ அடியாகக் கொண்ட முறையில் மூன்றில் ஒரு பங்கைச் சரியாக எழுத முடியாது. 102400-ஐ மூன்றாக வகுத்தால் 34133 கீழ்முந்திரி போக ஒன்று மிஞ்சும். இம்மி வந்ததும் அந்தச் சிக்கல் தீர்கிறது. மிஞ்சிய கீழ்முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு 7 இம்மி. ஆகவே மூன்றில் ஒரு பங்கு என்பது 34133 கீழ்முந்திரியும் 7 இம்மியும். கடுகளவும் மீதி இல்லை. ஏழில் ஒரு பங்கும் அப்படியே, 14628 கீழ்முந்திரியும் 12 இம்மியும். இந்தத் தர்க்கத்தை நீட்டினால், மும்மி 11 பேருக்குப் பங்கிட உதவும். நாகவிந்தம் 17 பேருக்கு. தேர்த்துகள் 13 பேருக்கு. உண்மையில் தேர்த்துகளின் எண் 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும்; முதலில் தடுக்கி விழுவது 19-இல்தான். எனவே எந்தப் பங்கீட்டுக்கும் மீதி வராதபடி நன்கு சிந்தித்துக் கட்டிய அமைப்பு இது என்று வாதிடலாம்.

வாதம் கவர்ச்சியானது, ஆனால் முழுவதும் ஏற்கத்தக்கது அல்ல. இதை எடைபோட இன்னொரு தமிழரின் ஆய்வே துணைக்கு வருகிறது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. அத்தகைய எண்களில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரிய பகா எண்ணின் அடுக்கைவிட ஒருபோதும் குறையாது. 2-இன் அடுக்கு எல்லாவற்றிலும் பெரிது, பிறகு 3, பிறகு 5 என்று இறங்குவரிசையில்தான் அமையும். வகுபடுவதற்காகச் சிக்கனமாகக் கட்டிய எண்ணின் இலக்கணம் அது. தேர்த்துகளின் எண்ணில் 3-க்கு 5 அடுக்கும் 5-க்கு 8 அடுக்கும் இருக்கின்றன, வரிசை குலைந்திருக்கிறது. அதன் வகுத்திகளின் எண்ணிக்கை 49680. இதைவிட ஏறத்தாழ 2590 மடங்கு சிறியதான 897612484786617600 என்ற எண்ணுக்கு 103680 வகுத்திகள் உண்டு. 1 முதல் 18 வரை எல்லாவற்றாலும் வகுபட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் 12252240 என்ற எட்டு இலக்க எண்ணே போதும். 22 இலக்கம் தேவையில்லை. பதின்மூன்று பேருக்குப் பங்கிடப் பதினான்கு படியும் இறங்க வேண்டும் என்பது எந்தக் களத்துமேட்டுக்கும் ஒத்துவராது. ஆகவே நியாயமான முடிவு இது: இம்மி, மும்மி போன்ற மேற்படிகள் 320 முறையின் ஒரு குறையை நிரப்பும் ஆற்றல் கொண்டவை, அதற்குக் கீழே உள்ள பல படிகள் அப்படி ஒரு தேவையால் விளைந்தவை அல்ல. கணக்குப் பள்ளியின் வரிசை நீண்டு நீண்டு வளர்ந்ததன் விளைவு அவை. காரணிகளில் இரண்டு அடுக்குகள் தெளிவாகவே தெரிகின்றன: 2-உம் 5-உம் மட்டுமே கொண்ட நிர்வாகக் கணக்கு, அதன் மேல் கட்டிய பல அடிகள் கொண்ட ஏட்டுக் கணக்கு.

ராமானுஜனின் கட்டுரை இன்னொரு பாடமும் தருகிறது. அதில் அவர் 6746328388800 வரை 102 எண்களின் அட்டவணையைக் கொடுத்தார். அதில் 293318625600 என்ற ஓர் எண் விடுபட்டிருந்ததைப் பின்னால் வந்தவர்கள் கண்டறிந்தார்கள். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று அதைப் பிரித்தவுடன் 5040 வகுத்திகள் உண்டு என்பதும், அட்டவணையில் அதற்கு இடம் உண்டு என்பதும் விளங்கிவிடும். ராமானுஜனின் புகழ் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவருடைய அட்டவணையையே சோதித்துத் திருத்தலாம் என்றால், பெயர் தெரியாத படியெடுப்பாளர்களின் பட்டியலைச் சோதிக்கத் தயங்குவதில் பொருளில்லை.

அணுவை அளந்ததாகச் சொல்வது

இனி, இந்த எண்ணின் பெயரால் மிகுதியாகச் சொல்லப்படும் கூற்றை நேராகவே எதிர்கொள்வோம். தேர்த்துகள் அவ்வளவு சிறியது என்பதால் முன்னோர் அணுவின் அளவை அறிந்திருந்தார்கள் என்பது அந்தக் கூற்று. அதற்குத் துணையாக ஒருவர் இப்படிக்கூடக் கணக்கிட்டுக் காட்டலாம்: ஒரு கிராம் தங்கத்தில் ஏறத்தாழ 3.06 × 10²¹ அணுக்கள் உள்ளன. அதைத் தேர்த்துகளின் எண்ணால் வகுத்தால் ஒரு பங்குக்கு 1.3 அணு. ஒற்றை அணுவுக்கு இவ்வளவு நெருக்கமாக வருவது தற்செயலா என்று கேட்டால் பலர் வாயடைத்துப் போவார்கள். தற்செயல்தான். கிராம் என்பது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் வகுத்த அலகு. தமிழ்க் கணக்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை. தங்கத்துக்குப் பதில் வெள்ளியை எடுத்தால் 2.4 அணு, இரும்பை எடுத்தால் 4.6, ஹைட்ரஜனை எடுத்தால் 250-க்கும் மேல். கிராமுக்குப் பதில் கழஞ்சையோ பலத்தையோ எடுத்தால் எல்லாமே மாறிவிடும். அதே வரிசையில் அணு என்று பெயர் பெற்ற பின்னத்தையே எடுத்துக்கொண்டால், ஒரு கிராம் தங்கத்தில் அந்தப் பங்குக்கு 18 லட்சம் கோடி அணுக்கள் வருகின்றன. பின்னத்துக்குத் தனியாகப் பருமன் கிடையாது. எதில் ஒரு பங்கு என்று சொல்லாத வரை அது நீளமும் அல்ல, எடையும் அல்ல. சோழர் நிலக் கணக்கில் பின்னம் எப்போதும் ஒரு வேலியின் பின்னம். அதனால் அதற்குப் பொருள் இருந்தது. தேர்த்துகள் எந்த அலகோடும் கட்டுண்டதாக வரிசை சொல்லவில்லை.

இப்படிச் சொல்வது மரபைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாதா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். ஆகாது, போலிப் பெருமையை நீக்கினால்தான் உண்மையான பெருமை கண்ணுக்குத் தெரியும். எழுத்தாணியும் ஓலையும் மனனமும் மட்டுமே துணையாகக் கொண்டு, 102400-இல் தொடங்கிப் பதினான்கு பெருக்கல்களைச் செய்து 22 இலக்கம் வரை ஒரு பிழையுமின்றிக் கொண்டுசேர்ப்பது பெரும் திறன். 320-ஐ அடியாகக் கொண்ட இட முறையை நிலவரிக்குப் பயன்படுத்தி, நான்கு அடுக்கு ஆழம் வரை மீதி விடாமல் எழுதியது அதைவிடப் பெரிய திறன். அது கல்லிலும் நிற்கிறது. இந்த முறையின் எல்லையையும் ஒப்புக்கொள்வோம். காரணிகள் பெருக்கலைக் காட்டும். பெருக்கியவரின் பெயரையோ காலத்தையோ காட்டா. 2²² எந்தப் படியில் எத்தனை வந்தது என்பதைக் கடைசி எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இடைப்பட்ட எண்கள் கிடைத்ததால்தான் சொல்ல முடிந்தது. ஆறரை என்ற பங்கே மூலத்தில் வேறாக இருந்திருந்தால், பெருக்கலும் அதைப் பின்பற்றி மாறியிருக்கும். அப்போது எண்ணும் பங்கும் தம்முள் ஒத்துப்போனாலும் மூலத்திலிருந்து விலகியிருக்கும். அதைத் தீர்க்க ஓலைச்சுவடிகளை ஒப்பிடுவது ஒன்றே வழி. கணிதம் அந்த வேலைக்கு மாற்று அல்ல; எந்த இடத்தில் சுவடியைத் திறக்க வேண்டும் என்று சுட்டும் துணை.

ஆகவே தீர்ப்பு இது. தேர்த்துகளின் எண் கற்பனையாக நிரப்பிய இலக்கங்கள் அல்ல. சிறு எண்களின் முறையான பெருக்கல். அது 22 இலக்கமும் சரியாகவே நம்மிடம் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய நான்கு வரிகள் பரவலான பட்டியலில் முதல் இலக்கத்தை இழந்திருக்கின்றன. கதிர்முனைக்கு 1489631109120000, குரல்வளைப்படிக்கு 59585244364800000, வெள்ளத்துக்கு 3575114661888000000, நுண்மணலுக்கு 357511466188800000000 என்பவையே சரியானவை. அணுவை அளந்ததற்கு இந்த எண் சான்று அல்ல. கணக்கைப் பேணியதற்குச் சான்று. பட்டியலை அச்சிடுவோரும் பகிர்வோரும் இந்த நான்கு வரிகளைத் திருத்த வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காரணிப்படுத்தல் பாடம் வரும்போது புத்தகத்தில் உள்ள 360-ஐயும் 1260-ஐயும் முடித்த பிறகு, இந்த ஒரு எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிழையான நான்கு வரிகளையும் பக்கத்தில் எழுதி, எது சரி என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்த மாணவராலும் அது முடியும்.